பழைய 78 தட்டைக் கேட்டு ஐரிஷ் ஃபிடில் பழகுகிறவர்களுக்கு: சுருதி, வேகம், செலவு

ஐரிஷ் ஃபிடில் (வயலின்) கலைஞர் மைக்கேல் கோல்மன் 1934-இல் நியூயார்க்கில் வாசித்துப் பதிவான 78 தட்டு (நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 முறை சுழலும் பழைய கிராமபோன் தட்டு) ஒன்று உண்டு. 'டார்போல்டன்', 'தி லாங்ஃபோர்டு கலெக்டர்', 'தி செய்லர்ஸ் பானட்' என்று மூன்று ரீல்கள் (வேகமான நடன மெட்டுகள்), மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டப்ளினுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அதன் பிரதி ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினேன். நான்கு மாதம், தினமும் ஒரு மணி நேரம் சாதகம். தட்டில் கேட்பது அப்படியே கைக்கு வந்ததும், வீட்டுப் பக்கத்துப் பப்பில் வாராவாரம் நடக்கும் செஷனுக்கு (பலர் கூடிச் சேர்ந்து வாசிக்கும் மாலை) வயலினோடு போனேன். யாரோ டார்போல்டனைத் தொடங்கினார்கள். நானும் வில்லை வைத்தேன். முதல் சுரத்திலேயே புரிந்துவிட்டது, அவர்களைவிட அரைக் கட்டை மேலே இருக்கிறேன் என்று. வேகமும் ஒட்டவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மெட்டும் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நான்கு மாத உழைப்பில் பாதியைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. கர்நாடக வயலின் பழகிய கையோடு இந்த இசைக்கு வருகிற நம்மவர்கள் சிலரைச் செஷன்களில் பார்க்கிறேன். எல்லோரும் முதலில் தேடிப்போவது இந்தப் பழைய தட்டுகளைத்தான். போகத்தான் வேண்டும். ஆனால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. கையில் இருப்பது எந்தத் தட்டு என்று உறுதிசெய்யுங்கள்

யூடியூபில் கிடைக்கும் பிரதியில் பெரும்பாலும் பெயரும் ஒரு படமும் மட்டுமே இருக்கும். அது போதாது. ஒரே மெட்டுக்கு நான்கைந்து பெயர் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மெட்டு இருக்கும். லேபிளில் தவறான பெயர் அச்சானதும் உண்டு. அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு எண்: லேபிளில் அச்சான விற்பனை எண், மற்றொன்று லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வழவழப்பான இடத்தில் பதிந்திருக்கும் மேட்ரிக்ஸ் எண். தட்டு கையில் இருந்தால் விளக்குக்கு அடியில் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். கரிய பரப்பில் அந்த எண் மெல்லிய நிழலாக எழும்பித் தெரியும்.

அந்த எண்ணை வைத்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுப் பட்டியலில் தேடுங்கள். பதிவான தேதி, ஊர், கூட வாசித்தவர், எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி) எல்லாம் வரும். இலவசம். தேதி ஏன் முக்கியம் என்றால், 1925-இல் மைக் வைத்த மின் ஒலிப்பதிவு வந்தது. அதற்கு முந்தையது என்றால் வாசித்தவர் ஒரு பெரிய கொம்புக் குழாயின் வாய்க்கு நேரே நின்று வாசித்திருக்கிறார். மெல்லிய ஒலி அதில் பதியாது. பியானோவின் கீழ்ச்சுரங்களும் கரைந்துபோகும். அப்படிப்பட்ட தட்டைக் கேட்டு 'இவர் எல்லாச் சுரத்தையும் ஒரே அழுத்தத்தில் வாசிக்கிறார்' என்று முடிவுகட்டி வில்லை இறுக்காதீர்கள். கொம்பு வாங்கிக்கொண்டது மட்டும்தான் நம் காதுக்கு வருகிறது.

தட்டுக்கு ஒரு தாள் போட்டு இவற்றை எழுதிவையுங்கள்: இரண்டு எண்கள், தேதி, உடன் வாசித்தவர், எங்கிருந்து இறக்கியது. பின்னால் சுருதிக் கணக்கும் உரிமைக் கணக்கும் இந்தத் தாளில்தான் வந்து சேரும்.

2. எங்கே கிடைக்கும், என்ன செலவு

காசு செலவில்லாமலே தொடங்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் 78 தட்டுகளுக்கென்றே பெரிய தொகுப்பு இருக்கிறது. விக்டர் கம்பெனியின் பழைய தட்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'நேஷனல் ஜூக்பாக்ஸ்' தளத்தில் கிடைக்கும். டப்ளினில் இருப்பவர்கள் மெரியன் ஸ்கொயர் 73-ஆம் எண் கட்டடத்தில் உள்ள ஐரிஷ் மரபிசைக் காப்பகத்துக்கு ஒருமுறையாவது போய்விடுங்கள். திறக்கும் நேரத்தை அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டு போனால் ஒரு பிற்பகலில் நிறைய முடியும்.

அசல் தட்டே வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. இரண்டு தட்டு 35 யூரோ. ஒன்று தபாலில் இரண்டாகப் பிளந்து வந்தது. இவை அரக்குத் தட்டுகள், எல்பி போல வளையாது. கையில் கொண்டுபோய் வாங்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். இன்னொரு செலவு ஊசி. 78 தட்டின் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட அகலம். அதற்கு ஏறக்குறைய 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை கொண்ட ஊசி வேண்டும். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உராய்ந்து வெறும் இரைச்சலைக் கொடுக்கும். நான் வாங்கிய ஊசி 40 யூரோ. கற்பதற்கு இதெல்லாம் தேவையே இல்லை. நல்ல ஹெட்போன் ஒன்றும், ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளும் (இலவசம்), கைப்பேசியில் ஒரு தம்புரா செயலியும் போதும்.

3. சுருதியைச் சரிசெய்யாமல் வயலினைத் தொடாதீர்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

'78' என்பது பேச்சுவழக்குப் பெயர். 1920களின் நடுப்பகுதி வரை கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் நாளுக்கு நாள், சுழலும் வேகம் மாறியது. கொலம்பியா தன் தட்டுகளில் 80 என்றே அச்சிட்டது. நிமிடத்துக்கு 74 சுற்றில் வெட்டிய தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறும், கூடவே வேகமும் ஏறும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஐரிஷ் மெட்டுகளுக்கு வழக்கமான கட்டை உண்டு. நம் கணக்கில் சொன்னால் 'செய்லர்ஸ் பானட்' 2 கட்டை, 'லாங்ஃபோர்டு கலெக்டர்' 5 கட்டை, 'டார்போல்டன்' 3 கட்டையில் கரகரப்பிரியாவின் சாயலோடு நிற்கும். தம்புராவை 2 கட்டையில் ஓடவிட்டு, 'செய்லர்ஸ் பானட்' வந்து அமரும் சுரத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். நான் இறக்கிய பிரதியில் அது 2½ கட்டைத் தம்புராவோடுதான் சேர்ந்தது. அரைக் கட்டை கூடுதல்.

இங்கே இரண்டு சாத்தியம். தட்டு வேகமாக ஓடியிருக்கலாம். அல்லது வாசித்தவரே தந்தியை அரைக் கட்டை ஏற்றிக் கட்டியிருக்கலாம். ஃபிடில் பளிச்சென்று ஒலிக்க அப்படிச் செய்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இதைப் பிரித்தறிய மூன்று வழி சொல்கிறேன்.

பியானோவைக் கேளுங்கள். அதை ஃபிடில் போல நின்ற இடத்தில் அரைக் கட்டை ஏற்ற முடியாது. பியானோவின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே, எந்தக் கட்டையிலும் ஒட்டாமல் நின்றால் பெரும்பாலும் தட்டின் வேகம்தான் தவறு.

அடுத்து, வேறொரு பிரதியைத் தேடுங்கள். முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை இரண்டையும் விநாடிக் கணக்கில் அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் வரும் கரகரப்பைச் சேர்க்க வேண்டாம். ஒன்று 185 விநாடி, மற்றது 196 விநாடி என்றால், 196-ஐ 185-ஆல் வகுக்க 1.0595 வரும். அதுதான் சரியாக அரைக் கட்டை வித்தியாசம். இரண்டில் ஒன்றை யாரோ ஏற்கெனவே திருத்தியிருக்கிறார்கள்.

மூன்றாவது, லேபிளிலோ உறையிலோ வேகம் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் வேலை பாதி முடிந்தது.

தட்டுதான் வேகம் என்று தெரிந்தால், ஆடாசிட்டியில் முழு ஒலியையும் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' என்பதற்குப் போங்கள். அரைக் கட்டை இறக்க, போட வேண்டிய எண் கழித்தல் 5.61 சதவீதம். கவனம்: அரைக் கட்டை ஏற்றம் என்பது 5.95 சதவீதக் கூடுதல். அதனால் பலர் கழித்தல் 5.95 என்று போட்டுவிட்டு, ஏன் தம்புராவோடு இன்னும் ஒட்டவில்லை என்று தவிக்கிறார்கள். 1.0595-ஆல் வகுக்க வேண்டும், அந்தச் சதவீதத்தைக் கழிக்கக் கூடாது. 78-ஐ 1.0595-ஆல் வகுத்தால் 73.6.

ஃபிடில்தான் ஏற்றிக் கட்டியது என்று முடிவானால் வேகத்தைத் தொடாதீர்கள்; 'சேஞ்ச் பிட்ச்' மட்டும் பயன்படுத்துங்கள். எது என்று தீர்மானமாகாவிட்டால் இரண்டையும் செய்து இரண்டு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயலினை மேற்கத்திய முறையில் மாற்றிக் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்: தடித்த தந்தியிலிருந்து 5, 2, 6, 3 கட்டை. நம் ச-ப-ச-ப கட்டில் விரல்கள் போகும் இடமே வேறு. நான் பழைய கட்டிலேயே ஒரு வாரம் முயன்று விரலைக் குழப்பிக்கொண்டேன்.

4. காலப்பிரமாணத்தை அளந்து எழுதுங்கள்

காதால் 'வேகமா இருக்கு' என்று சொல்வது பயன்படாது. ரீலில் ஒரு பாருக்கு (மேற்கத்திய இசையில் ஒரு தாள அளவு) இரண்டு கால்தட்டு. திருத்திய கோப்பை ஓடவிட்டு 30 விநாடிக்கு எத்தனை முறை கால் தட்டுகிறீர்கள் என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இதைத் தட்டின் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை செய்யுங்கள். வித்தியாசம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

திருத்தாத பிரதியில் 120 வந்தால், அரைக் கட்டை இறக்கிய பிரதியில் அது 113 ஆகிவிடும். காகிதத்தில் சின்ன எண் வித்தியாசம், கைக்குப் பெரிய வித்தியாசம். ரோல் என்று இவர்கள் சொல்லும் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சுரம், அதன் மேல் சுரம், மறுபடி அதே சுரம், கீழ்ச் சுரம், மறுபடி அதே சுரம். நடுவில் வரும் மேலும் கீழும் விரல் படுவதும் எடுப்பதுமாகவே இருக்க வேண்டும், சுரமாக நிற்கக் கூடாது. 113-இல் அந்த ஐந்தும் மணி மணியாக விழும் இடம், 120-இல் எனக்கு ஒரே தேய்ப்பாகத்தான் வந்தது. கையில் குறை என்று நினைத்து இன்னும் கடுமையாகச் சாதகம் செய்தேன். மணிக்கட்டு வலிதான் மிச்சம். குறை கையில் இல்லை, கோப்பில் இருந்தது. (கமகம் பழகிய விரல் இங்கே தானாக வழுக்கும். ரோலில் வழுக்கக் கூடாது, தட்ட வேண்டும்.)

இன்றைய ஐரிஷ் நடனப் போட்டிகளில் மேல்நிலை ஆட்டக்காரர்களுக்கு வாசிக்கும் ரீல் 113. ஒப்பிட ஒரு அளவுகோலாக இந்த எண் உதவும்.

5. மூன்று நிமிடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் கொள்ளும். இந்த எல்லை மெட்டின் உருவத்தையே எப்படி மாற்றியது என்பதை நீங்களே கணக்குப் போட்டால்தான் நன்றாக விளங்கும்.

32 பார் கொண்ட ரீல் ஒரு சுற்றுக்கு 64 கால்தட்டு. 113 வேகத்தில் ஒரு சுற்று 34 விநாடி. மூன்று மெட்டு, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று என்றால் ஆறு சுற்று, 204 விநாடி. தட்டு 195 விநாடிதான் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒன்பது விநாடி வெளியே நிற்கிறது. ஆறு சுற்றும் உள்ளே வர வேண்டுமானால் வேகம் 118-க்கு ஏற வேண்டும், இல்லை ஒரு சுற்றை விட வேண்டும். ஸ்டுடியோவில் ஆட்டக்காரர்களும் இல்லை, அவர்களுடைய கால் சொல்லும் வேகத்துக்குக் கட்டுப்பட வேண்டியதும் இல்லை. எதிரே இருந்தது கடிகாரம்.

ஊரில் வீட்டுச் சமையலறையில் வாசிக்கும்போது ஆட்டம் முடியும்வரை ஒரே மெட்டை நீட்டிக்கொண்டே போகலாம். தட்டில் அப்படி முடியாததால், மூன்று நிமிடத்தில் கேட்பவரை வியக்கவைக்கும் வாசிப்பு வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1922-இல் எக் ராபர்ட்சன் விக்டருக்காகத் தனியாக வாசித்த 'சாலி குட்டன்' தட்டைக் கேளுங்கள்: ஒரே சின்ன மெட்டை மூன்று நிமிடத்துக்குள் ஒரு டஜன் விதமாகத் திருப்பிப் போடுகிறார். ஆடுவதற்கு வாசித்ததைவிட, நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்கு வாசித்தது அது.

ஐரிஷ் பக்கம் இன்னொன்று நடந்தது. கோல்மன், ஜேம்ஸ் மோரிசன், பேடி கில்லோரன் மூவரும் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து அமெரிக்கா போன ஃபிடில் கலைஞர்கள். கோல்மன் மட்டும் 1921 முதல் 1936 வரை ஏறக்குறைய 80 பக்கம் பதிவு செய்தார். அந்தத் தட்டுகளை உறவினர்கள் ஊருக்கு அனுப்ப, அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டே ஒரு தலைமுறை கற்றது. அன்று, அந்த அறையில், அவர் கைக்கு வந்த ஒரு மாறுபாடு, மெட்டின் நிரந்தர வடிவமாக உறைந்துவிட்டது. அடுத்த நாள் அவரே வேறு மாதிரி வாசித்திருப்பார்.

இதனால் நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு மெட்டும் தட்டில் இரண்டு சுற்று வருகிறது அல்லவா, இரண்டையும் தனித்தனியாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் மாறாமல் இருப்பது மெட்டின் எலும்பு. மாறுவது அவர் அன்று போட்ட நகை. எலும்பை முதலில் படியுங்கள். முடிந்தால் தட்டுகள் பரவுவதற்கு முன்பே அச்சான, பிரான்சிஸ் ஓ'நீலின் 1907-ஆம் ஆண்டு நடன இசைத் தொகுப்பில் நீங்கள் படிக்கும் மெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தட்டுக்கு முந்தைய ஒரு வடிவம் கண்ணில் படும்.

பியானோவை மட்டும் பின்பற்றாதீர்கள். அந்தக் காலத் தட்டுகள் பலவற்றில் பியானோ வாசித்தவருக்கு மெட்டே தெரியாது. பொருந்தாத இடத்தில் பொருந்தாத சுரக்கூட்டை அழுத்திக்கொண்டு போவார். கோல்மன் அதற்கும் மேலே அவ்வளவு தெளிவாக மிதந்து போவதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

6. தட்டுக்கு வெளியேயும் கேளுங்கள்

ஸ்லைகோ வாசிப்பு மட்டுமே ஐரிஷ் ஃபிடில் என்று நினைக்க வைத்தது தட்டுகளின் பரவல். கெர்ரி எல்லையில் ஸ்லீவ் லூக்ரா பகுதியில் பாட்ரிக் ஓ'கீஃப் (1887–1963) வாசித்த மெதுவான பண்களையும் போல்காக்களையும் (ஒருவகை நடன மெட்டுகள்) கேளுங்கள். வடக்கே டோனிகலில் ஜான் டோஹர்ட்டி (1900–1980) வாசிப்பில் வில் குட்டையாக, வெட்டி வெட்டிப் போகும். ஸ்காட்லாந்தின் ஸ்காட் ஸ்கின்னர் வாசித்த தட்டுகளின் தாக்கமும் அந்தப் பக்கத்தில் உண்டு, ஆனால் ஊர்ச் சாயல் அழியவில்லை. வாரத்தில் ஒரு நாள் தட்டை மூடிவைத்துவிட்டு இவர்களைக் கேட்டால் போதும்.

7. எவ்வளவு நாள் ஆகும்

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் கணக்கு இது. முதல் வாரம் எண், தேதி, சுருதி, வேகம். வயலின் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அடுத்த வாரம் மெட்டை வாயால் பாடுங்கள், சரளி வரிசை பாடியதுபோல. மூன்றாவது வாரம் முதல் கோப்பை 'சேஞ்ச் டெம்போ' மூலம் 70 சதவீதத்துக்குக் குறைத்து வாசியுங்கள். இது சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். 50-க்குக் கீழே போனால் ஒலி சிதைந்து, ரோல் எங்கே என்றே தெரியாது. ஒரு மெட்டுக்கு மூன்று வாரம் என்று வைத்தால், முதல் இரண்டு வாரத்தையும் சேர்த்து, மூன்று ரீல் தொகுதிக்கு மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அவசரப்பட்டால் எனக்கு ஆனதுபோல ஏழு மாதம் ஆகும்.

8. இணையத்தில் போடுவதற்கு முன்

மரபு மெட்டுக்கு உரிமையாளர் இல்லை. நீங்கள் வாசித்து உங்கள் பக்கத்தில் போடலாம். தட்டின் ஒலியையே போடுவதுதான் சிக்கல். அமெரிக்காவில் 1923-இல் வெளியான பதிவுகள் 2024 ஜனவரி 1-ஆம் தேதி பொதுவுடைமை ஆயின, 1924-இல் வந்தவை 2025-இல். 1946 வரை வந்தவற்றுக்கு இதே நூறு வருடக் கணக்கு. ஆக, 1934 தட்டுக்கு அங்கே 2035 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு என்பதால் அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் தளங்கள் உலகம் முழுவதற்கும் ஒரே வடிகட்டியைப் போடுகின்றன. உரிமைக் கோரிக்கை வந்தால் முதல் தாளில் எழுதிய எண்ணும் தேதியும்தான் பதில் எழுத உதவும்.

9. செஷனுக்குப் போகும் முதல் நாள்

வயலினைக் கொண்டுபோங்கள், ஆனால் முதல் மாலை கேட்டுக்கொண்டிருங்கள். கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டுமானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதன் வேகத்தையும் எண்ணி, தட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வாரம் அவர்களுடைய வேகத்தில் சாதகம் செய்துவிட்டுப் போங்கள்.

யாராவது டார்போல்டனைத் தொடங்கினால், அது முடிந்ததும் அடுத்த மெட்டின் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். 1934-இல் தட்டில் வந்த அதே வரிசையில் மேசையைச் சுற்றியிருக்கும் கைகள் எல்லாம் லாங்ஃபோர்டு கலெக்டருக்குப் போகும். அந்த இடத்தில் வில்லை நிறுத்திவிடாதீர்கள்.